ஒரே தப்புக்கு மூன்று தண்டனைகள்: தென்னாப்பிரிக்கா போனவர்களும் போகாதவர்களும்

1982 மார்ச்சில் கிரகாம் கூச் தலைமையில் இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் சிலர் சத்தமில்லாமல் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்க் கிரிக்கெட் ஆடினார்கள். அந்த ஆண்டு இறுதியில் பந்துல வர்ணபுர தலைமையில் ஓர் இலங்கை அணி போனது. 1983 ஜனவரியில் லாரன்ஸ் ரோ தலைமையில் மேற்கிந்தியத் தீவுகளின் ஆட்டக்காரர்கள் போய் இறங்கினார்கள். மூன்று அணிகளும் செய்தது ஒன்றைத்தான். நிறவெறி அரசு நடக்கிற நாட்டோடு விளையாடக் கூடாது என்று உலகமே ஒதுங்கி நின்றபோது, பெரிய தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

தண்டனை மட்டும் ஒன்றாக இல்லை. இங்கிலாந்துக்காரர்களுக்கு 3 ஆண்டுத் தடை. இலங்கைக்காரர்களுக்கு 25 ஆண்டுகள். மேற்கிந்தியர்களுக்கு வாழ்நாள் தடை.

கூச் மூன்று ஆண்டுகளைக் கழித்துவிட்டுத் திரும்பி வந்தார், கேப்டன் ஆனார், 1990இல் லார்ட்ஸில் இந்தியாவுக்கு எதிராக 333 ரன் அடித்தார். இலங்கையின் முதல் டெஸ்ட் கேப்டனான வர்ணபுர அதற்கப்புறம் டெஸ்ட் ஆடவே இல்லை. மேற்கிந்தியர்கள் மீதான தடை 1989இலும் இலங்கையர்கள் மீதானது 1991இலும் நீக்கப்பட்டன. அதற்குள் பெரும்பாலானோருக்கு ஆடும் வயது போய்விட்டது.

மூன்று வாரியங்களும் ஒரே செயலைப் பார்த்தன. பார்த்த இடம்தான் வேறு. லண்டனில் இருந்து பார்த்தவர்களுக்கு அது ஒழுங்கு மீறல். மேற்கிந்தியத் தீவுகளின் பிரிட்ஜ்டவுனிலும் கிங்ஸ்டனிலும் இருந்து பார்த்தவர்களுக்கு அது துரோகம். அடிமைகளின் பேரன்கள் தங்கள் தோலின் நிறத்தைக் காரணம் காட்டி மனிதனைத் தாழ்த்தும் அரசின் காசை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று ஊர் பேசியது. 'விளையாட்டில் அரசியல் கூடாது' என்ற வாக்கியத்தை யார் சொல்கிறார்கள், யாரால் சொல்ல முடியவில்லை என்பதை விளக்க இதைவிடத் தெளிவான வரலாறு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் பிறப்பும் நிறமும் மட்டுமே ஒருவரின் நிலைப்பாட்டை எழுதிவிடுவதில்லை என்பதற்கும் இதே வரலாறுதான் சாட்சி.

முதலில் பின்னணி. 1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தபின் தென்னாப்பிரிக்காவில் பிரிவினை சட்டமாகவே ஆனது. யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எந்தப் பெஞ்சில் உட்காரலாம், எந்தக் கடற்கரையில் குளிக்கலாம் என்பதெல்லாம் நிறத்தைப் பொறுத்தது. விளையாட்டும் அப்படியே. வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தவர், இந்தியர் என்று தனித்தனிச் சங்கங்கள், தனித்தனி மைதானங்கள். நாட்டின் பெயரில் ஆட வெள்ளையருக்கு மட்டுமே உரிமை. எதிரணியும் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். 1970 வரை தென்னாப்பிரிக்கா டெஸ்ட் ஆடியது இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளோடு மட்டும்தான். இந்தியா, பாகிஸ்தான், மேற்கிந்தியத் தீவுகளோடு ஒருமுறைகூட இல்லை. அரசியல் விளையாட்டுக்குள் நுழைந்தது புறக்கணிப்பு தொடங்கிய பிறகு அல்ல என்பதற்கு இந்த ஒரு தகவலே போதும்.

டர்பனில் இதன் முகம் இன்னும் நெருக்கமாகத் தெரிந்தது. 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் கிளம்பி நவம்பரில் அங்கே இறங்கிய ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தவர்கள் அடர்த்தியாக வாழும் நகரம் அது. அங்கே பாப்வா செவ்கோலும் என்றொரு கோல்ஃப் ஆட்டக்காரர் இருந்தார். இந்திய வம்சாவளி, பள்ளிப்படிப்பு இல்லை, வெள்ளையர்களின் மட்டைப் பையைத் தூக்கும் வேலை பார்த்தே ஆட்டம் பழகியவர். இரண்டு கைகளையும் வழக்கத்துக்குத் தலைகீழாக வைத்து மட்டையைப் பிடிப்பார். 1963இல் நேட்டால் ஓப்பன் போட்டியை வென்றார். அன்று மழை. பரிசளிப்பு கிளப் கட்டடத்துக்குள். இந்தியருக்கு உள்ளே அனுமதி இல்லை. அவர் வெளியே நனைந்தபடி கோப்பையை வாங்கிக்கொண்டார். அந்தப் படம் உலகமெங்கும் போனது.

1965இல் அதே போட்டியில் பாப்வா தோற்கடித்தது கேரி பிளேயரை. உலகின் தலைசிறந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களில் ஒருவர், அதே நாட்டுக்காரர். அந்தக் காலத்தில் பிளேயர் தன் நாட்டு அரசின் கொள்கையை வெளிப்படையாக ஆதரித்தவர். பிற்காலத்தில் கருத்தை மாற்றிக்கொண்டார். 1971இல் லீ எல்டர் என்ற கறுப்பின அமெரிக்கரைத் தன் நாட்டுக்கு அழைத்து ஆட வைத்தார். பிளேயரைக் கெட்டவராகக் காட்ட இதைச் சொல்லவில்லை. அதே புல், அதே குழி, அதே நாள். ஒருவருக்கு அது வெறும் கோல்ஃப். இன்னொருவருக்குக் கதவு வரை வந்து நிற்கும் சட்டம். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகிறவருக்குக் கதவு இருப்பதே நினைவில் இருக்காது.

பேசில் டி ஒலிவேரா கதையைக் கிரிக்கெட் ரசிகர்கள் பலர் கேட்டிருப்பார்கள். கேப்டவுனில் பிறந்தவர், சட்டப்படி கலப்பினத்தவர், அபாரமான மட்டையாளர். வெள்ளையரல்லாத தென்னாப்பிரிக்கர்களின் அணிக்குக் கேப்டன். அவ்வளவு இருந்தும் சொந்த நாட்டுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆட வழியில்லை. ஜான் ஆர்லட் என்ற வர்ணனையாளருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1960இல் லங்காஷயர் பக்கத்து மிடில்டன் கிளப்பில் ஒரு பருவத்துக்கு 450 பவுண்டு சம்பளத்தில் இடம் கிடைத்தது. விமானக் கட்டணத்தை அவருடைய சமூகம் வசூலித்துக் கொடுத்தது. 1966இல் இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆடினார். வயதைக் குறைத்துச் சொல்லியிருந்தார். உண்மையைச் சொன்னால் அந்த வயதில் யார் எடுப்பார்கள்?

1968 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 அடித்தார். ஆனால் அடுத்து தென்னாப்பிரிக்கா போகவேண்டிய அணியில் அவர் பெயர் இல்லை. பெரிய கூச்சல் எழுந்தது. காயம் காரணமாக டாம் கார்ட்ரைட் விலகியதும் டி ஒலிவேராவைச் சேர்த்தார்கள். உடனே தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர், இது நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தின் அணி, இதை ஏற்க முடியாது என்றார். பயணம் ரத்தானது. கதையின் இந்தப் பாதி எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது.

அதிகம் சொல்லப்படாத பாதி ஒன்பது ஆண்டுகள் முந்தையது. 1959இல் ஃபிராங்க் வோரெல் தலைமையில் ஒரு மேற்கிந்திய அணி தென்னாப்பிரிக்கா வந்து, வெள்ளையரல்லாத அணிகளோடு மட்டும் ஆடுவதாக ஏற்பாடு. டி ஒலிவேரா போன்றவர்களுக்கு உலகத் தரமான பந்துவீச்சை எதிர்கொள்ள அதைவிட நல்ல வாய்ப்பு வராது. அதைத் தடுத்தது அரசு இல்லை, நிறவெறியை எதிர்த்தவர்களே. ஆசிரியரும் கவிஞருமான டென்னிஸ் புரூட்டஸ், பிரித்துவைக்கப்பட்ட மைதானத்தில் பிரித்துவைக்கப்பட்ட அணியோடு ஆடுவது பிரிவினையை ஒப்புக்கொள்வதாகும் என்றார். மேற்கிந்தியர்களுக்குள்ளேயே கருத்து இரண்டானது. முன்னாள் ஆட்டக்காரர் லியரி கான்ஸ்டன்டைன் போகக் கூடாது என்றார். எழுத்தாளர் சி. எல். ஆர். ஜேம்ஸ் போகட்டும் என்றார். அங்குள்ள கறுப்பின ஆட்டக்காரர்களின் திறமை உலகத்துக்குத் தெரியட்டும் என்பது அவர் வாதம். கடைசியில் பயணம் நடக்கவில்லை.

புரூட்டஸும் டி ஒலிவேராவும் சட்டத்தின் ஏட்டில் ஒரே வகுப்பு. ஒருவர் அமைப்பாளர். அவர் பிற்பாடு கைதாகி, தப்ப முயன்றபோது துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்டு, ராபன் தீவுச் சிறையில் கல் உடைத்தார். இன்னொருவர் மட்டையாளர், வயது ஏறிக்கொண்டிருக்கிறது. அமைப்பாளருக்குப் பத்தாண்டுக் கணக்கு இருந்தது. மட்டையாளருக்கு இருந்தது இரண்டு மூன்று பருவங்களின் கணக்கு. இருவரில் யார் சரி என்று கேட்டால் புரூட்டஸ்தான் என்பேன். ஆனால் அந்தச் சரிக்கான விலையைக் கொடுத்தது வோர்ஸ்டரின் ஆட்கள் அல்ல, டி ஒலிவேராவின் தலைமுறை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தென்னாப்பிரிக்காவுக்குள்ளேயே இந்தப் பிளவு கடைசி வரை தீரவில்லை. 1970களில் அரசு கொஞ்சம் இறங்கி வந்து, கலப்பு ஆட்டங்களை அங்கங்கே அனுமதித்தது. 'இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு கிடையாது' என்று ஹசன் ஹோவா என்ற நிர்வாகி சொன்னது ஒரு தலைமுறையின் முழக்கமானது. மாலையில் வெள்ளையரோடு ஒரே அணியில் ஆடிவிட்டு, இரவில் ஒதுக்கப்பட்ட குடியிருப்புக்கு, வேறு பெட்டியில் ரயிலேறித் திரும்புவது என்ன விளையாட்டு என்பது அதன் பொருள். ஸ்டெலன்போஷைச் சேர்ந்த சுழற்பந்து வீச்சாளர் ஓமர் ஹென்றி அந்த முழக்கத்தை ஏற்கவில்லை. இருக்கிற உயர்ந்த தரத்தில் ஆட வேண்டும் என்று வெள்ளையர் கிரிக்கெட்டுக்குள் போனார். சொந்த சனங்களே அவரை விலைபோனவர் என்றார்கள். 1992இல் டர்பனில் இந்தியாவுக்கு எதிராகத் தன் முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 40.

இனி சென்னைக்கு வருவோம். 1974இல், நாடுகளுக்கிடையே நடக்கும் டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியில் இந்திய அணி ஆஸ்திரேலியாவைக் கல்கத்தாவில் வென்றது, அப்புறம் சோவியத் யூனியனைப் புனேயில் வென்றது, இறுதிப் போட்டிக்கு வந்தது. அணியின் முதுகெலும்பு சென்னையின் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள். விஜய்க்கு அப்போது 20 வயது. எதிரே தென்னாப்பிரிக்கா. இந்திய அரசு ஆடக் கூடாது என்று முடிவெடுத்தது. தென்னாப்பிரிக்கா ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பையை எடுத்துக்கொண்டது. டேவிஸ் கோப்பையை அந்த நாடு வென்றது அந்த ஒரே முறைதான். இந்தியாவோ இன்றுவரை வென்றதில்லை. 1966, 1987 இறுதிப் போட்டிகளில் தோற்றோம்; நடுவில் இருந்த இந்த வாய்ப்புதான் மிகச் சிறந்தது என்று டென்னிஸ் தெரிந்தவர்கள் இன்னும் ஆற்றாமையோடு சொல்வார்கள்.

டெல்லியின் முடிவுக்கு நீண்ட வேர் உண்டு. காந்தி அந்த நாட்டில் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து போராடியவர். அங்குள்ள இந்தியர்களை நடத்தும் விதத்தைக் கண்டித்து 1946இலேயே, சுதந்திரம் கிடைப்பதற்கு முன்பே, தென்னாப்பிரிக்காவுடனான வணிக உறவை இந்தியா துண்டித்தது. அப்படிப்பட்ட அரசுக்கு, ஒரு கோப்பைக்காக மாற்றி யோசிப்பது முடியாத காரியம். ஆனால் சென்னையில் டென்னிஸ் மட்டையோடு வளர்ந்த இருபது வயதுப் பையனுக்கு உலகக் கோப்பை போன்ற ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. விஜய் பின்னாளில் அந்த இழப்பைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறார். ஏமாற்றத்தை மறைத்ததில்லை, முடிவை எதிர்த்தும் நின்றதில்லை.

இதே சமயத்தில் எதிர்த்திசையில் போனவர் கறுப்பின டென்னிஸ் ஆட்டக்காரர் ஆர்தர் ஆஷ். அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில், கறுப்பர்களுக்கென ஒதுக்கப்பட்ட பூங்காவின் காவலாளிக்கு மகனாகப் பிறந்தவர். நகரத்தின் நல்ல டென்னிஸ் களங்களில் அவருக்கு இடமில்லை. ஒதுக்கல் என்றால் என்ன என்று யாரும் அவருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அப்படிப்பட்டவர் புறக்கணிப்பின் முன்வரிசையில் நிற்பார் என்றுதான் எதிர்பார்ப்போம். அவரோ தென்னாப்பிரிக்காவுக்குப் போக விசா கேட்டுக்கொண்டே இருந்தார். மறுக்கப்பட்டது. 1973இல் கிடைத்தது. தான் ஆடும்போது பார்வையாளர்களை நிறம் பார்த்துப் பிரிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டுப் போனார். இறுதிப் போட்டியில் ஜிம்மி கானர்ஸிடம் தோற்றார். டாம் ஓக்கரோடு சேர்ந்து இரட்டையர் பட்டம் வென்றார். அங்கிருந்த கறுப்பினத்தவர்கள் இருவிதமாகப் பார்த்தார்கள். வெள்ளையனுக்கு விளம்பரம் தேடித்தர வந்திருக்கிறாய் என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு; யாருக்கும் தலைகுனியாமல் நடக்கும் கறுப்பரை முதன்முதலாகப் பார்க்கிறோம் என்று பின்னாலேயே போன சிறுவர்களும் உண்டு.

ஆஷின் தர்க்கம் அவர் வாழ்க்கையிலிருந்தே வந்தது. மூடிய களங்களுக்குள் ஒருவராக நுழைந்து, ஆடிக் காட்டி, கதவைத் திறந்தவர் அவர். அந்த வழி ரிச்மண்டில் பலித்தது, ஜோகன்னஸ்பர்க்கிலும் பலிக்கும் என்று நம்பினார். பலிக்கவில்லை என்று தெரிந்ததும் நிலையை மாற்றிக்கொண்டு புறக்கணிப்பின் பக்கம் வந்தார். 1985இல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் மறியல் செய்து கைதானார். அனுபவம் அவருக்கு ஒரு நிலைப்பாட்டைக் கொடுத்தது. இன்னொரு அனுபவம் அதைத் திருத்தியது.

மறுபக்கத்தில் பீட்டர் ஹெய்ன். பிரிட்டோரியாவில் வளர்ந்த வெள்ளைக்காரப் பையன், விளையாட்டுப் பைத்தியம். அவருடைய பெற்றோர் நிறவெறியை எதிர்த்ததற்காகத் தடை உத்தரவுக்கு ஆளாகி, 1966இல் குடும்பத்தோடு லண்டனுக்குப் போனார்கள். 1970இல் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணியின் இங்கிலாந்துப் பயணத்தை நிறுத்திய போராட்டத்துக்குத் தலைமை தாங்கியபோது ஹெய்னுக்கு 20 வயது. வெள்ளையர்கள் அவரைத் தங்கள் கோடைக்காலத்தைக் கெடுத்தவராகப் பார்த்தார்கள். நிறம் பார்த்திருந்தால் அவர் மறுபக்கம் இருந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் போலீஸ் சோதனையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை என்பது நிறத்தைவிடக் கனமான பின்னணி.

அந்தப் பயணம் ரத்தானதால் டெஸ்ட் வாழ்க்கையை இழந்த வெள்ளை ஆட்டக்காரர்களும் உண்டு. பேரி ரிச்சர்ட்ஸ் ஆடியது 4 டெஸ்ட், எடுத்தது 508 ரன். மைக் புராக்டர் 7 டெஸ்டில் 41 விக்கெட். புராக்டர் பிற்காலத்தில் சொன்னது என்னவென்றால், 4 கோடி மக்களின் துன்பத்துக்கு முன்னால் ஒரு டெஸ்ட் வாழ்க்கை எம்மாத்திரம், நாங்கள் இழந்தது அநீதியை மாற்றக் கொஞ்சம் உதவியிருந்தால் சரிதான் என்பது. எல்லோரும் அப்படிப் பேசவில்லை. பேசுபவரைக் கவனிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவருக்கு எதிர்மாறாகச் சொல்ல எல்லாக் காரணமும் இருந்தது.

மேற்கிந்தியர்களிடம் திரும்பலாம். ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் அளவில் பேசப்பட்ட காலம் அது. விவ் ரிச்சர்ட்ஸ் மறுத்தார். மைக்கேல் ஹோல்டிங் மறுத்தார். அவர்களைப் பாராட்டாதவர் இல்லை, பாராட்டவும் வேண்டும். ஆனால் போனவர்களின் பட்டியலைப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. உலகின் மிகச் சிறந்த அணியில் இடம் உறுதியாக இருந்தவர்கள் பெரும்பாலும் போகவில்லை. வரிசையில் காத்திருந்தவர்கள், ஓரிரு டெஸ்டோடு கைவிடப்பட்டவர்கள், வயதானவர்கள் போனார்கள். ஹெர்பர்ட் சாங் ஆடிய ஒரே டெஸ்ட் 1979 ஜனவரியில் நம் சேப்பாக்கத்தில் நடந்தது. அதற்கப்புறம் அவரை யாரும் கூப்பிடவில்லை. ரிச்சர்ட் ஆஸ்டின் 2 டெஸ்ட். ஆட்டப் பருவம் முடிந்தால் சம்பளம் இல்லாத காலம். நிறமும் வரலாறும் விவ் ரிச்சர்ட்ஸுக்கும் ஆஸ்டினுக்கும் ஒன்றுதான். வங்கிக் கணக்கு ஒன்றல்ல.

அங்கே போனபோது அவர்களுக்கு 'கௌரவ வெள்ளையர்' அந்தஸ்து. ஓட்டலில் தங்கலாம், உணவகத்தில் சாப்பிடலாம். வேகப்பந்து வீச்சாளர் காலின் கிராஃப்ட் கேப்டவுனில் ரயிலில் வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்துவிட, நடத்துநர் வந்து எழுப்பி மூன்றாம் வகுப்புக்கு அனுப்பினார். டிக்கெட் பரிசோதகருக்கு 125 டெஸ்ட் விக்கெட் தெரியாது, தோல்தான் தெரியும். ஊர் திரும்பியவர்களுக்கு வாழ்நாள் தடை காத்திருந்தது. சிலர் வெளிநாடுகளில் குடியேறினார்கள். ஆஸ்டின் கிங்ஸ்டன் தெருக்களில் பிச்சையெடுத்துத் திரிந்து 2015இல் இறந்தார். வாழ்நாள் தடை அறத்தின்படி புரிந்துகொள்ளக்கூடியது. ஆனாலும் அது விழுந்தது அணியிலேயே எளியவர்கள் மேல்.

அறியாமைக்கும் பின்னணி உண்டு. 1990 ஜனவரியில் மைக் கேட்டிங் தலைமையில் கடைசியாக ஓர் இங்கிலாந்து அணி போனது. அதை ஏற்பாடு செய்தவர் அலி பேக்கர், தென்னாப்பிரிக்காவின் முன்னாள் கேப்டன், படித்த மருத்துவர், ஜோகன்னஸ்பர்க்காரர். போகிற ஊரெல்லாம் போராட்டம் வெடித்தது. வெளியே சிலர் பாடி ஆடிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் என்கிற தொனியில் கேட்டிங் பேசினார். பயணத்தைப் பாதியில் சுருக்க வேண்டிவந்தது. கறுப்பின மக்களிடம் இவ்வளவு கோபம் இருப்பது தனக்குத் தெரியாது என்று பேக்கர் பிற்பாடு ஒப்புக்கொண்டார். அதே நாட்டில் பிறந்து வளர்ந்தவர் சொல்கிறார். பிரிவினைச் சட்டம் கறுப்பர்களை மைதானத்துக்கு வெளியே வைத்தது மட்டுமல்ல, வெள்ளையர்களின் கண்ணில் படாமலும் வைத்தது.

சரி, அதெல்லாம் முடிந்த கதை என்று நினைத்தால், 2020 ஜூலைக்கு வாருங்கள். 'கறுப்பர் உயிர் முக்கியம்' இயக்கத்தைத் தென்னாப்பிரிக்க அணி ஆதரிக்க வேண்டும் என்று வேகப்பந்து வீச்சாளர் லுங்கி இங்கிடி சொன்னார். முன்னாள் வெள்ளை ஆட்டக்காரர்களான பாட் சிம்காக்ஸும் பூட்டா டிப்பெனாரும் சீறினார்கள். வெள்ளை விவசாயிகள் கொல்லப்படுவதைப் பற்றி ஏன் பேசவில்லை என்றார்கள். அதே மாதத்தில் மகாயா இன்டினி ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் பேசினார். 101 டெஸ்ட், 390 விக்கெட் எடுத்தவர். சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், அந்தத் தனிமையைத் தவிர்க்கவே அணிப் பேருந்தில் ஏறாமல் பையை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு மைதானத்துக்கு ஓடியே போவேன் என்றார். நம்மில் பலர் அந்த ஓட்டத்தை உடற்பயிற்சி வெறி என்று வியந்து எழுதியிருக்கிறோம்.

2021 அக்டோபர் 26, துபாய், டி20 உலகக் கோப்பை, எதிரணி மேற்கிந்தியத் தீவுகள். ஆட்டத்துக்கு முன் இனவெறிக்கு எதிர்ப்பாக எல்லோரும் முழங்காலிட வேண்டும் என்று தென்னாப்பிரிக்க வாரியம் அன்று காலை உத்தரவு போட்டது. குவின்டன் டி காக் ஆட்டத்திலிருந்தே விலகிவிட்டார். எல்லோரும் அவரை ஒரே நொடியில் படித்து முடித்துவிட்டார்கள்: வெள்ளையர், ஆகவே இப்படி. இரண்டு நாள் கழித்து அவர் அறிக்கை விட்டார். தான் கலப்பினக் குடும்பத்தில் வளர்ந்ததாகவும், மாற்றாந்தாய் வழிச் சகோதரிகள் கலப்பினத்தவர், மாற்றாந்தாய் கறுப்பினத்தவர் என்றும், தனக்குக் கறுப்பர் உயிர் பிறந்த நாளிலிருந்தே முக்கியம் என்றும் எழுதினார். உத்தரவு போட்ட விதம்தான் தன்னைக் காயப்படுத்தியது என்றார், மன்னிப்பும் கேட்டார். அடுத்த ஆட்டத்தில் முழங்காலிட்டார். அந்த விளக்கத்தை முழுதாக ஏற்றவர்களும் உண்டு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டவர்களும் உண்டு. துபாயில் அன்று அவரில்லாமல் அணியை நடத்தி, ஆட்டத்தையும் வென்று, பத்திரிகையாளர்களின் கேள்விகளுக்கு முன்னால் உட்கார்ந்தவர் லாங்கா என்ற கறுப்பினக் குடியிருப்பில் வளர்ந்த கேப்டன் டெம்பா பவுமா. அவர் டி காக்கை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் வளர்ந்த ஆள், தன் முடிவை எடுத்திருக்கிறார், அதை மதிக்கிறோம் என்று மட்டும் சொன்னார்.